மதார் சாகிப் கூட்டி வந்த கூட்டம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் டீக்கடைக்கு எதிரே ஒரு வரலாற்றுக் கூடம் இருந்தது. பெரிய மனுசர்கள் சேர்ந்து அறக்கட்டளை வைத்து நடத்தினார்கள். நடத்தினார்கள் என்றால், திறப்பு விழாவன்று மாலை போட்டுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நடத்தியது வாட்ச்மேன் மதார் சாகிப்தான். உள்ளே ஒரு முதுமக்கள் தாழி, ஒரு நடுகல், துருப்பிடித்த வாள்கள், கால் ஒடிந்த பல்லக்கு. இவற்றோடு பகல் முழுக்க உட்கார்ந்திருக்கப் பொறுமை வேண்டும். அது அவருக்குக் கிடையாது. பல்லியைத் திட்டுவார், பல்லி அகப்படாவிட்டால் என் கடைக்கு வந்து டீயைத் திட்டுவார்.

எண்பத்தெட்டில் மதுரையிலிருந்து அறக்கட்டளைச் செயலாளர் சொல்லி அனுப்பினார்: பள்ளிக்கூடப் பிள்ளைகள் வராவிட்டால் பங்குனியோடு கூடத்தை மூடிவிடுவோம். மூடினால் மதார் சாகிப் ஐம்பது வயதில் பஜாரில் மூட்டை தூக்க வேண்டியதுதான்.

ராஜபாளையம், வத்திராயிருப்புப் பள்ளிகள் சுற்றுலா வராமல் இல்லை. ஆண்டாள் கோயில், பால்கோவா, ஊருக்கு வெளியே திருவண்ணாமலைப் பெருமாள் குன்று, வீடு. இதில் வரலாற்றுக்கு வாத்தியார்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. பால்கோவாவுக்குக் கிடைக்கும்.

மதார் சாகிப் வேறொன்றைக் கவனித்தார். விடிய பஸ் ஏறிய பிள்ளைகள் கோயிலை விட்டு வரும்போது காலைப் பின்னிக்கொண்டு நிற்கும். டீச்சர்களும் அப்படித்தான். ஆண்கள் சுவர் தேடிக்கொள்வார்கள். பெண்களுக்கு அந்தத் தெருவில் போக்கிடமில்லை. கூடத்தின் கொல்லையிலோ இரண்டு கக்கூஸ் சும்மா கிடந்தன. பினாயில் ஊற்றித் தேய்த்தார். தொட்டியை நிரப்பினார். கொல்லையின் சந்துப் பக்கத்துக் கதவை ஆணி அடித்து மூடினார். இனி அங்கே போக வேண்டுமென்றால் தாழியையும் நடுகல்லையும் தாண்டித்தான் போக வேண்டும். பிறகு கோயில் வாசலில் நின்று டீச்சர்களிடம் தணிந்த குரலில் சொன்னார்.

"நம்ம மியூசியத்துல பொம்பளப் பிள்ளைகளுக்கு வசதி இருக்கும்மா. தண்ணியும் இருக்கு."

அதற்குப் பிறகு வந்த கூட்டம் சொல்லி மாளாது.

"ஏட்டி, ஓடாதிய! செத்த நின்னு வாளைப் பாருங்க!"

"பொறவு பாக்கோம் தாத்தா!"

திரும்பி வரும்போது பால்கோவா நினைப்பு வந்துவிடும்.

மாசியில் செயலாளரே காரில் வந்து இறங்கினார். அதே நேரம் ராஜபாளையத்து பஸ் ஒன்றும் வந்தது. பிள்ளைகள் வாசலிலிருந்தே ஓட்டம். டீ கொண்டுபோன நான் அங்கேதான் நின்றேன்.

"வரலாறு மேல இவ்வளவு ஆர்வமா பாய்!" செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பிள்ளையை மறித்து, "எதைப் பாக்கம்மா இப்படி ஓடுற?" என்றார்.

"வழிய விடுங்க சார், வந்துரும்!"

அவர் கைக்கு அடியில் புகுந்து அது ஓடியது. செயலாளர் பின்னாலேயே போய்க் கொல்லை வரிசையைப் பார்த்துவிட்டார். மதார் சாகிப்புக்கு முகம் வெளிறிப்போனது. வேலை போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் செயலாளர் வரும் வழியில் கல்லுப்பட்டியில் ஓர் இளநீர், கிருஷ்ணன்கோவிலில் ஓர் இளநீர் குடித்துவிட்டு வந்தவர். "வரிசை முடிய நேரமாகுமா பாய்?" என்று மட்டும் கேட்டார். முடியும்வரை நடுகல்லைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அந்தக் கல்லை அவ்வளவு நேரம் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

கார் போனதும் கேட்டேன்.

"என்ன பாய், வேலை நெலைச்சுதா?"

"நெலைச்சுட்டு. இன்னும் நாலு கக்கூஸ் கட்டணுமாம்."

"கொல்லையில எடம் ஏது?"

"கொல்லை எதுக்கு? உள்ளே அந்த நடுகல்லை எடுத்துட்டா நாலுக்கு எடம் சரியா இருக்கும்னு அவரே சொல்லிட்டாரு. அம்புட்டு நேரம் சுத்தி வந்தாருல்லா! உம்ம கடையில கடப்பாரை கெடக்கா?"