அனுஷியாவுக்குத் தோய்க்க ஒரு மெஷின்

கோணேஸ்வரன் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் இருபத்தொன்பது வருடம் சாரதியாக இருந்தவர். பழைய ஜீப்பாக இருந்தாலும் புது வானாக இருந்தாலும், ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடம் காது கொடுத்தால் அதில் என்ன பிழை என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் அவர் இருக்கும் ஓர்ஸ் ஹில்லில் அயலவர்கள் வாகனம் வாங்குமுன் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் வேண்டாம் என்று தலையசைத்த வண்டியை யாரும் வாங்கியதில்லை.

அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் அனுஷியா பிறக்கும்போதே மூச்சுத் திணறி, மூளை பாதிக்கப்பட்டவள். இப்போது முப்பத்து மூன்று வயது. இடது கையும் காலும் சொல்வழி கேட்காது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். பதினைந்து இருபது சொற்கள் பேசுவாள். சிறுநீர் போவது அவளுக்குத் தெரியாது. இளையவள் லக்சனா கொழும்பில் கணவனோடும் மாமன் மாமியோடும் இருக்கிறாள்.

மூன்று வருடங்களுக்கு முன் மனைவி புவனேஸ்வரி நெஞ்சு வலியில் இரண்டே நாளில் போய்விட்டாள். செத்த வீட்டுக்கு வந்த சனம் கலைந்து போன பிறகுதான், அனுஷியாவுக்கு ஒரு நாளைக்கு எத்தனை உடுப்புத் தோய்க்க வேண்டியிருக்கிறது என்பது கோணேஸ்வரனுக்குத் தெரிய வந்தது. ஐந்து சட்டை, இரண்டு பெட்சீற், கிழித்த சாரத் துண்டுகள் ஒரு வாளி நிறைய. முப்பது வருடமாக அவர் வெளியே போய்விட்டு வீட்டுக்கு வரும்போது அவையெல்லாம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. அவர் அவற்றைக் குனிந்து கடந்து போயிருக்கிறார், அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கையாலேயே தோய்த்தார். போன மாரியில் கிணற்றடிச் சீமெந்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு பொருந்தினாலும் பழைய பலம் வரவில்லை. ஈரத் துணியைப் பிழியவே கூடாது என்று டாக்டர் சொன்னார்.

அப்போதுதான் மெஷின் ஒன்று எடுப்பதென்று முடிவு செய்தார். ஏதாவது ஒன்று எடுத்தால் போதும் என்று அவரால் நினைக்க முடியவில்லை. நெடுங்காலம் நிற்கிற ஒன்றாக வேண்டும். எவ்வளவு காலம் என்று தனக்குத்தானே கேட்டுப் பார்த்தார். அவருக்கு எழுபது. அனுஷியாவுக்கு வேறு நோய் எதுவும் இல்லை, பசித்துச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். தான் போன பிறகும் அது ஓட வேண்டும், அனுஷியா தானே அதை ஓட்டவும் வேண்டும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

டவுனில் ஒரு கடைக்குப் போனார். கழுத்துப்பட்டி கட்டிய விற்பனையாளர் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். உடுப்பைப் போட்டு ஒரு பொத்தானை அமத்தினால் போதும், தண்ணீர் எடுத்து, தோய்த்து, அலசி, பிழிந்து, முடிந்ததும் கூப்பிடவும் செய்யும் என்றார். கோணேஸ்வரனுக்கு நெஞ்சு கொஞ்சம் இளகியது. அனுஷியாவின் வலது கை நல்ல கை. பொத்தான் அமத்துவாள். வானொலியை அவள்தான் போடுகிறாள்.

"மோட்டருக்குப் பத்து வருஷம் உத்தரவாதம் ஐயா."

"மற்றதுகளுக்கு?"

"மற்றதுகளுக்கு ரெண்டு வருஷம்."

"மற்றது பழுதாப் போனா மோட்டர் மட்டும் இருந்து என்ன செய்யிறது?"

விற்பனையாளர் சிரித்தார். கோணேஸ்வரன் சிரிக்கவில்லை. யோசித்து வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்தார்.

விற்கிறவனை விட திருத்துகிறவனைக் கேட்பதுதான் சாரதிமார் வழக்கம். கிண்ணியாப் பக்கம் குறிஞ்சாக்கேணியில் ஸெய்னுதீன் என்று ஒருவர் இருபது வருடமாக மெஷின் திருத்துகிறார் என்று விசாரித்து அறிந்தார். அனுஷியாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கிண்ணியா பஸ் எடுத்துப் போனார்.

ஸெய்னுதீனின் முற்றம் முழுக்கச் செத்த மெஷின்கள். வெள்ளை, சாம்பல், கண்ணாடிக் கதவு வைத்தது என்று குறைந்தது முப்பது இருக்கும். உப்புக் காற்றில் தகரம் ஈரப் பிஸ்கட் போல் உதிர்ந்துகொண்டிருந்தது.

"இது நாலு வருஷம் ஓடின. இது மூணு," என்று ஸெய்னுதீன் கையை நீட்டிக் காட்டினார். "நல்ல கொம்பனிச் சாமான்தான் ஐயா. ஆனா நம்மட உப்புச் சவர்த் தண்ணிக்கும் கரண்டுக்கும் உள்ளுக்க இருக்கிற இந்தக் கொம்பியூட்டர் போர்ட் தாங்காது. போர்ட்டுக்குள்ள பல்லி பூந்தாலும் சரி, ஒரு மின்னல் விழுந்தாலும் சரி, முடிஞ்சிது."

"அப்ப எது நிக்கும்?"

ஸெய்னுதீன் அவரைக் கொட்டிலுக்குப் பின்னால் கூட்டிப்போனார். அங்கே அவருடைய மனைவி ஒரு பிளாஸ்டிக் மெஷினில் தோய்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தொட்டி. ஒன்று தோய்க்க, ஒன்று பிழிய. திருகும் குமிழ்கள் மூன்று.

"இது பதினேழு வருஷம். ரெண்டு தரம் பெல்ட் மாத்தின, அவ்வளவுதான். உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக், துருப்பிடிக்காது. போர்ட்டும் இல்ல."

கோணேஸ்வரன் காதைக் கொடுத்தார். பிழையில்லாத சத்தம். பிறகு அந்தப் பெண் செய்வதைப் பார்த்தார். குழாயால் தண்ணீர் நிரப்பினார், வடித்தார், மறுபடியும் நிரப்பினார். கனத்த ஈரத் துணியை இரண்டு கையாலும் அள்ளிப் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றி, சமமாக அமத்தி வைத்தார். முழு நேரமும் பக்கத்திலேயே நின்றார்.

"ஒரு கை ஏலாத ஆள் இதைச் செய்யேலுமோ?"

ஸெய்னுதீன் அவருடைய மணிக்கட்டைப் பார்த்தார். "உங்களுக்கா? மெதுவாச் செய்யலாம்."

"எனக்கில்லை."

அவர் மகளைப் பற்றிச் சொன்னார். ஸெய்னுதீன் முழுவதையும் கேட்டார்.

"பொய் சொல்ல மாட்டன் ஐயா. தானா வேலை செய்றது நிக்காது. நிக்கிறதுக்கு ஆள் வேணும்."

வீட்டுக்கு வந்து லக்சனாவுக்குப் போன் எடுத்தார். எந்த மெஷின் நல்லது என்று கேட்கத்தான் எடுத்தார். இரண்டையும் விளக்கிச் சொன்னார்.

"அப்பா, மெஷின் எத்தனை வருஷம் நிண்டாலென்ன? அக்காவைக் குளிக்க வாக்கிறதார்? சாப்பாடு குடுக்கிறதார்?"

"அது பிறகு பாப்பம் பிள்ளை. இப்ப மெஷினைச் சொல்லு."

"எனக்குத் தெரியேல்லை அப்பா," என்றாள். அழுகிறாள் என்று குரலில் தெரிந்தது.

கடைசியில் இரண்டு தொட்டி மெஷினையே எடுத்தார். முதல் நாள் அது சுழன்றபோது அனுஷியா பயந்து கதவுக்குப் பின்னால் போனாள். ஒரு கிழமையில் பழகிவிட்டாள். கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்து, உள்ளங்கையை மெஷினில் வைத்துக்கொண்டு, "ஓடுது, ஓடுது" என்று சிரிப்பாள். அந்த நேரங்களில் கோணேஸ்வரனுக்கும் சிரிப்பு வரும்.

குமிழ் திருக அவளுக்கு நாலு நாளில் வந்துவிட்டது. துணியைத் தொட்டி மாற்றுவதுதான் வரவில்லை. ஒரு கையால் தூக்கினால் பெட்சீற் பாதியில் வழுக்கும். அதன் பாரம் அவளையும் இழுக்கும். இரண்டு மாதம் தினமும் காட்டிக் கொடுத்தார். ஒரு காலையில் அவள் துணியோடு சேர்ந்து விழுந்தாள். தாடை வெடித்து இரத்தம் வந்தது. தூக்கிவிட்டு, "இதுகூட ஏலாதோ உனக்கு?" என்று கத்திவிட்டார். அவளைப் பார்த்து அவர் ஒருநாளும் கத்தியதில்லை. அவள் அழவில்லை. நல்ல கையால் காதைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவர் காட்டிக் கொடுக்கவில்லை.

மட்டக்களப்புப் பக்கம் ஏலாதவர்களைப் பராமரிக்கும் ஒரு இல்லம் இருக்கிறது என்று கேள்விப்பட்டு அங்கும் போய் வந்தார். பொறுப்பாக இருந்த அம்மா மரியாதையாகத்தான் கதைத்தார். மலசலகூடத்துக்குத் தாங்களே போகிறவர்களை மட்டும்தான் எடுக்கிறோம், மற்றவர்களைப் பார்க்க ஆள் இல்லை என்றார். வேறு இடம் ஏதும் இருக்கிறதா என்று கோணேஸ்வரன் கேட்டார். அந்த அம்மா தனக்குத் தெரியவில்லை என்றார்.

ஓகஸ்ட் விடுமுறையில் லக்சனா தனியாக வந்து நான்கு நாள் நின்றாள். வந்த நிமிடத்திலிருந்து அக்காவின் வேலை எல்லாவற்றையும் அவளே செய்தாள். தோய்த்தாள், குளிக்க வார்த்தாள், தலை வாரி இழுத்துவிட்டாள். அனுஷியா அவளுடைய சட்டையைப் பிடித்தபடியே வீடெல்லாம் திரிந்தாள். "லச்சு, லச்சு" என்று ஓயாமல் கூப்பிட்டாள். கோணேஸ்வரன் விறாந்தையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், நெடுங்காலத்துக்குப் பிறகு, பகலில் அயர்ந்து தூங்கினார்.

போகிற நாள் ஓட்டோ வந்து நின்றது. அனுஷியா உள்ளே தூக்கத்தில் இருந்தாள். லக்சனா பையைக் கேற்றடியில் வைத்துவிட்டு நின்றாள்.

"அப்பா, அவரிட்டக் கதைச்சனான். மாமியிட்டயும் கதைச்சனான்."

அவர் பையை எடுத்து ஓட்டோவுக்குள் வைத்தார்.

"ஏலாதாம். அக்காவை நான் கொண்டுபோவன் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்காதேங்கோ அப்பா."

"இல்லைப் பிள்ளை," என்றார் கோணேஸ்வரன். "நான் அப்பிடி நினைக்கேல்லை."

நினைத்திருந்தார். நான்கு நாளும் அதை மட்டும்தான் நினைத்திருந்தார். அது அவளுக்கும் தெரியும். குனிந்து அவருடைய மணிக்கட்டை ஒருமுறை தடவிவிட்டு ஓட்டோவில் ஏறினாள்.

அவர் உள்ளே வந்தபோது அனுஷியா விழித்திருந்தாள். சட்டையும் விரிப்பும் நனைந்திருந்தன. சுவரைப் பிடித்து எழும்பி, குசினியைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள்.

"லச்சு?"

"போயிட்டா."

"வருமோ?"

அவர் அவளைக் கதிரையில் இருத்தினார். நனைந்த சட்டையைத் தலைவழியே கழற்றி, உலர்ந்த ஒன்றை எடுத்து, முதலில் இடது கையை மெதுவாக நுழைத்துவிட்டார்.