வேன் அக்கா வாங்கிய திட்டு

எங்கள் மெக்கானிக்குக்கு "டாக்டர்" என்று பெயர் வைத்தது யார் என்று தெரியாது. அந்தப் பெயர் அவருக்குப் பிடித்துப்போனது மட்டும் எல்லோருக்கும் தெரியும். வண்டி சத்தம் போடுகிறது என்று யாராவது வந்தால், நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இஞ்சின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்தி, கண்ணை மூடிக்கொள்வார். சும்மா சொல்லக்கூடாது, நோயைச் சரியாகவே சொல்வார். அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. நோய் யாரால் வந்தது என்பதையும் நாலு பேர் காதில் விழும்படி சொன்னால்தான் அவருக்குச் சாப்பிட்டது செரிக்கும்.

வேன் அக்கா அவருடைய கூடப்பிறந்த அக்கா. புருஷன் இறந்துபோன பிறகு, அவர் ஓட்டிக்கொண்டிருந்த பழைய மினி வேனை விற்றுவிடச் சொல்லிச் சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து புத்தி சொன்னார்கள். தம்பி மட்டும்தான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அக்கா கியரைக் கதறவிட்டபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அன்றிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் அக்காவுக்குப் பிழைப்பு. பிழைப்பு மட்டுமா, காலையில் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் காரணமே அதுதான்.

ஒரு திங்கட்கிழமை பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வேன் திடீரென்று டக் டக் டக் என்று தட்ட ஆரம்பித்தது. வேகம் கொடுத்தால் தட்டலும் வேகமானது. அக்கா மெல்ல உருட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்ந்தார்.

"எப்ப இருந்துக்கா?"

"இப்பதான்டா. காலைல எடுக்கும்போதுகூட நல்லாத்தான் இருந்துச்சு."

"சத்தம் மெல்ல மெல்ல வந்தா அது வயசு. திடீர்னு வந்தா யாரோ ஏதோ பண்ணியிருக்காங்க" என்றார் டாக்டர். ஸ்க்ரூ டிரைவரை இஞ்சினின் அடியில் வைத்தார்; தட்டல் மங்கலாகக் கேட்டது. மேல்மூடியில் வைத்தார், மண்டைக்குள்ளேயே தட்டியது. "மேலதான். மூடிக்குள்ள மேலயும் கீழயும் ஆடுற டாப்பெட்டுக்கு ஆயில் ஏறல." இஞ்சினை அணைத்து, ஆயில் பார்க்கும் கம்பியை உருவினார். நுனியில்கூட ஈரம் இல்லை.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். "இதை என்னைக்குக் கடைசியா உருவிப் பார்த்த? தினமும் பாரு, தினமும் பாருன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

"சனிக்கிழமைதானேடா நீயே புது ஆயில் ஊத்தின..."

"ஊத்தினா? பார்க்க வேண்டியது யாரு? பிள்ளைங்களை வச்சுக்கிட்டு ஓட்டுற. நடுரோட்டுல இஞ்சின் இறுகி நின்னு, பின்னாடி ஒரு லாரி வந்திருந்தா? அத்தனை பேரைப் பெத்தவங்களுக்கும் நீ என்ன பதில் சொல்லுவ?"

ஸ்கூட்டருக்காகக் காத்திருந்தவர் செருப்பைப் பார்த்தார். ஓரத்தில் ஒரு வண்டிக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த பெயிண்டர் பிரஷ்ஷை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றார்.

திட்டி முடித்த தெம்போடு டாக்டர் வேனுக்கு அடியில் நுழைந்தார். ஆயில் பில்டர் நனைந்து சொட்டியது. கழற்றினார். பில்டரின் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பழையதைக் கழற்றும்போது சில சமயம் அதன் வளையம் மட்டும் இஞ்சினோடு ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். விரலால் தடவிப் பார்த்து, அதை எடுத்த பிறகுதான் புதியதை மாட்ட வேண்டும். சனிக்கிழமை ஆயிலோடு பில்டரையும் மாற்றியபோது அவர் தடவவில்லை. வேறொருவருடைய வண்டிக்கு யாரால் என்ன கெட்டது என்று விளக்கிக்கொண்டே மாட்டிவிட்டார். இப்போது வளையத்தின்மேல் வளையம் பிதுங்கி நின்றது. ஆயில் முழுக்க அந்த வழியாகத்தான் ரோட்டுக்குப் போயிருந்தது.

அடியில் படுத்திருந்தவருக்கு வெளியே வர மனமே இல்லை. கடைசியில் வந்தார்.

"என்னடா?" என்றார் அக்கா.

"ஒழுகல். சரி பண்ணிட்டேன்."

சொன்னது பொய் இல்லைதான். ஆனால் ஊருக்கே கேட்கத் திட்டிய வாய் இப்போது இரண்டு வார்த்தைக்குமேல் திறக்கவில்லை. ஆயில் ஊற்றியதும் தட்டல் நின்றது. அக்கா அவரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். டாக்டருக்குக் குறுகுறுப்போடு நிற்கவில்லை, சோறே இறங்கவில்லை. "உடம்புக்கு என்ன?" என்று மனைவி கேட்டாள். "வயிறு சரியில்ல" என்றார். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தார். விடிந்ததும், அக்காவே மறந்திருப்பாள், எதற்குக் கிளறுவது என்று தனக்குத்தானே வக்கீலாக வாதாடினார். அவருக்கே வெட்கமாக இருந்தது.

வியாழக்கிழமை அக்கா நடந்து வந்தார். வேன் சாவியை ஒர்க்‌ஷாப் மேசைமேல் வைத்தார்.

"வித்துக் குடுத்துடு தம்பி. பெத்தவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், வேற வண்டி பார்த்துக்கச் சொல்லி. நீ சொன்னது சரிதான். கவனமில்லாதவ கையில பிள்ளைங்களைக் குடுக்கக் கூடாது."

டாக்டர் உட்கார்ந்துவிட்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வளையத்தை, சனிக்கிழமையை, வேனுக்கு அடியில் படுத்திருந்ததை. "என் தப்புக்கா. உன்மேல ஒண்ணுமில்ல. மன்னிச்சுடு."

அக்கா அழவில்லை, கத்தவும் இல்லை. "நீ திட்டினதுகூடப் பெரிசில்லடா. பிள்ளைங்களைக் கொல்லப் பார்த்தவள்னு நெனச்சு நெனச்சு நான் தூங்கல. என் தப்பு இல்லைன்னு தெரிஞ்சும் நீ சும்மா இருந்திருக்க."

"தப்புதான். இப்பதான் சொல்லிட்டேனேக்கா."

"என்கிட்ட சொல்லிட்ட. அவங்ககிட்ட யாரு சொல்றது?"

மறுநாள் காலை டாக்டர், துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூட வாசலில் நின்றார். தாய்மார்கள் வேறு வேறு வண்டிகளிலிருந்து பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். யாரிடம் தொடங்குவது என்று தெரியாமல், பொதுவாக, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். "வேன்ல ஆயில் போனது அக்கா தப்பு இல்லீங்க. நான் பில்டரைத் தப்பா மாட்டிட்டேன். தெரிஞ்ச பிறகும் சொல்லாம இருந்துட்டேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பையன் கையைப் பிடித்திருந்த ஒரு தாய் கேட்டாள்: "அப்புறம் ஏன் அவங்க எங்க வீட்டுக்கு வந்து, எல்லாம் என் தப்புன்னு சொல்லி அழுதாங்க?"

"நான் அப்படித்தான் சொன்னேன்" என்றார் டாக்டர். "நான் சொன்னதை அக்கா நம்பிட்டாங்க."