பூப்போட்ட ஸ்டிக்கருக்குப் பின்னால்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விடாமல் கொட்டிய சமயம். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சேரப்பணஞ்சேரியில் ஒரு வீட்டின் மாடியில், ஒரே அறையில் ஐந்து பெண்கள் தங்கியிருந்தோம். முதலில் வந்தவள் நான் என்பதால் எனக்கு நானே ராணிப் பட்டம் சூட்டிக்கொண்டிருந்தேன். யார் எங்கே படுப்பது, எப்போது விளக்கை அணைப்பது, எல்லாம் நான் வைத்ததுதான் சட்டம்.

ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்குப் பகல்தான் ராத்திரி. நைட் முடித்து வந்து படுத்தால் ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தும். கம்பெனியிலிருந்து காலி அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து, ஜன்னலை அடைத்து, ஓரம் விடாமல் டேப் ஒட்டினேன். எறும்புகூட நுழைய முடியாது என்று பெருமை வேறு. துணிக்கயிறும் அறைக்குள்ளேதான். எதிர்க் கட்டடத்தில் ஆண்கள் தங்கியிருந்ததால், பெண்பிள்ளைகள் மொட்டை மாடியில் துணி காயப்போடக் கூடாது என்பது வீட்டுக்கார அம்மாவின் கண்டிப்பு. ஐந்து பேரின் யூனிஃபார்மும் அங்கேயே சொட்டிச் சொட்டிக் காயும். சோறும் அங்கேயேதான் பொங்குவோம்.

ஐந்தாவதாக வந்தவள் தென்காசிப் பக்கத்துப் பெண். மழைக்குக் கொஞ்சம் முன்னால்தான் ஹாஸ்டலை விட்டு எங்களோடு சேர்ந்தாள். வரும்போது நன்றாகத்தான் இருந்தாள். ஒரு வருடப் பயிற்சியில் இன்னும் இரண்டே மாதம் பாக்கி; அதை முடித்துவிட்டால் வேலை நிரந்தரம் என்று சூப்பர்வைசரே சொல்லியிருந்தார். ஊரில் கல்யாணமும் பேசி முடித்திருந்தார்கள்.

புதிதாக வந்தவளுக்குக் குளியலறைச் சுவரோரம்தான் இடம். இரண்டாவது வாரமே என்னிடம் வந்தாள்.

"அக்கா, இந்தச் செவரு ஓதம் அடிக்குது. தொட்டா கை நனையுது, வாடை வேற. வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லுவமா?"

பார்த்தேன். கையகலத்துக்குக் கறுப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். போய்ச் சொன்னால், 'ஆள் அதிகம், அதனால்தான்' என்று அந்த அம்மா எங்கள் மேலேயே திருப்புவார் என்று எனக்குத் தயக்கம். படப்பையில் பூப்போட்ட சுவர் ஸ்டிக்கர் ஒரு சுருள் வாங்கிவந்து மேலிருந்து கீழ்வரை ஒட்டினேன். பெட்டிகளையும் அதில் சாய்த்து அடுக்கினேன். அறை கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது என்று மற்ற மூவரும் பாராட்டினார்கள்.

அப்புறம் இருமத் தொடங்கினாள். வறட்டு இருமல், கூடவே இளைப்பு. படுத்தால் அதிகமாகும், கம்பெனிக்குப் போனால் குறையும். அது ஏன் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! இது டிபிதான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அவள் தட்டைத் தனியாக வைத்தேன். டம்ளர் மாறிவிடக் கூடாது என்று அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டும் வைத்தேன்.

அவளாகவே ஸ்ரீபெரும்புதூருக்குப் போய்ச் சளிப் பரிசோதனை செய்துகொண்டு வந்தாள்.

"டிபி இல்லைன்னு எழுதியிருக்காவ அக்கா. தங்குற எடத்துல ஈரம் இருக்கான்னு டாக்டர் கேட்டாரு. நீங்களே படிச்சுப் பாருங்க," என்று சீட்டை நீட்டினாள்.

நான் அதைக் கையில் வாங்கவில்லை. அவள் தொட்ட காகிதம் என்று பயம். "அங்கயே வை," என்றேன்.

மறுநாள் வீட்டுக்கார அம்மாவிடம் போய், அவளுக்கு டிபிதான் என்று சொன்னேன். அவர் பதறிவிட்டார். "இன்னாம்மா இது, சீக்கு கீற பொண்ண வூட்டுல வச்சிகினு இத்தினி நாளா வாயத் தொறக்காம கீறே? இன்னிக்கே காலி பண்ணச் சொல்லு."

அதோடு விட்டேனா? கம்பெனி பஸ்ஸிலும் சொன்னேன். அன்று சாயங்காலமே அவள் பக்கத்து சீட் காலியாக இருந்தது. வேறு அறை தேடினாள். போன இடத்திலெல்லாம் அவளுக்கு முன்பே பேச்சு போய்ச் சேர்ந்திருந்தது. நான்கு நாள் அலைந்துவிட்டு, பயிற்சியைப் பாதியில் விட்டு ஊருக்கு பஸ் ஏறினாள்.

அவள் இடத்தில் படுக்க யாருக்கும் தைரியம் இல்லை. ராணியாயிற்றே, பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டு நானே பாயை விரித்தேன். மூன்று வாரத்தில் எனக்கு அதே இருமல், அதே இளைப்பு.

செத்தேன் என்றுதான் நினைத்தேன். நானும் போய்ப் பரிசோதனை செய்துகொண்டேன். டிபி இல்லை. அங்கிருந்த டாக்டரும் அதையே கேட்டார்: தங்கும் இடத்தில் ஈரம் இருக்கிறதா?

வந்ததும் பெட்டிகளை நகர்த்தி ஸ்டிக்கரைப் பிடித்து இழுத்தேன். காரை பெயர்ந்து கையோடு வந்தது. பின்னால் சுவர் முழுக்க, கெட்டுப்போன மாவின் மேல் படர்வது போலக் கறுப்புப் பூஞ்சணம். என் பெட்டியின் முதுகிலும் அதுதான். அந்த வாடை முகத்தில் அடித்தபோது, இதைத்தான் அவள் மூச்சாக இழுத்துக்கொண்டு கிடந்தாள் என்று புரிந்தது. உட்கார்ந்து அழுதேன்.

ஜன்னல் அட்டையைக் கிழித்தெறிந்தேன். வீட்டுக்கார அம்மா ஆள் கூட்டிவந்து பார்த்தார். சுவருக்குள் குளியலறைக் குழாய் கசிந்துகொண்டிருந்தது. "இத்த மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றார். சொல்லத்தான் ஒருத்தி இருந்தாள். குழாயை மாற்றி, பூஞ்சணம் பிடித்த காரையைச் சுரண்டி எடுத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் புதிதாகப் பூசினார்கள். சண்டை போட்டுத் துணிக்கயிற்றை மாடிக்கு மாற்றினோம். சாமான்களைச் சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வைத்தோம். ஒரே மாதத்தில் என் இருமல் போய்விட்டது. அவ்வளவுதான் வைத்தியம்.

அவளுக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"இங்க வந்த பத்தே நாள்ல எனக்குச் சரியாயிட்டுக்கா. ஆனா கம்பெனி பஸ்ல பேசினது ஊருக்கு வந்துட்டு. நெஞ்சுச் சீக்குக்காரி வேண்டாம்னு மாப்பிள்ளை வீட்டுல சொல்லிட்டாவ. அன்னைக்கு அந்தச் சீட்டை வாங்கிப் படிச்சிருக்கலாம்லா," என்றாள். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டபோது அவள் எடுக்கவே இல்லை.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் எழுந்து நின்று, அவளுக்கு எந்த நோயும் இல்லை, சுவரில்தான் கோளாறு என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "அப்படியா?" என்றார்கள். மறுபடி செல்போனில் குனிந்துகொண்டார்கள். அவள் ஊர்க்காரப் பெண் ஒருத்தி அதே பஸ்ஸில் வருவாள். ஊரில் இதைச் சொல்லம்மா என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "பாக்கேன்க்கா" என்றாள். சொன்ன மாதிரி தெரியவில்லை.

ஒரு பெண்ணின் வேலையையும் கல்யாணத்தையும் கெடுக்க எனக்குக் கெட்ட எண்ணம்கூடத் தேவைப்படவில்லை, கொஞ்சம் பயமும் நான் சொன்னதைக் கேட்க நாலு பேரும் போதுமானதாக இருந்தது என்று நினைக்கும்போது, இன்றும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.