நீர்ப்பேய்க்கு வைத்த பொட்டு

செக் நாட்டுக் கதைகளில் ஒரு நீர்ப்பேய் வரும். பச்சை உடம்பு, போட்டிருக்கும் கோட்டின் நுனியில் எப்போதும் தண்ணீர் சொட்டும். மூழ்கிச் செத்தவர்களின் உயிர்களைக் குளத்தடியில் கவிழ்த்த கோப்பைகளுக்குள் அடைத்து வைத்திருக்கும். அதை ஏமாற்றி ஒரு வேலைக்காரப் பெண் எல்லா உயிர்களையும் விடுவிப்பாள். இதைத்தான் காஞ்சிபுரத்தில், எங்கள் தறிக்கூடத்து மூலையில், பொம்மைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தேன். பொம்மையை மயிரளவு நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி ஒரு படம். நடுவில் யார் கை பட்டாலும் காட்சி பாழ். செக் நாட்டிலேயே நடக்கும் பொம்மைப்பட விழாவுக்கு அனுப்ப ஒரு வாரம்தான் இருந்தது.

ஆயுத பூஜை வந்தது. குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், தறிக்கும் ஊடுநூல் ஓட்டும் நாடாவுக்கும் சந்தனம் குங்குமம் வைத்த அப்பா, கேமராவுக்கும் வைத்து, நீர்ப்பேயின் நெற்றியிலும் காசளவு பொட்டு வைத்திருந்தார்.

“என்னப்பா பண்ணி வச்சிருக்க!”

“ஏம்மா கத்துற? நவுத்தவே இல்ல. மூச்சப் புடிச்சிக்கினுதான் வச்சேன். தொழில் சாமானுக்கு வைக்காம வுடலாமா?”

அதுவரை தெருவெல்லாம் ‘பொண்ணு பொம்ம வச்சி விளையாடிக்கினு இருக்குது’ என்று சொன்ன மனிதர். கோபத்துக்கு நடுவே சந்தோஷமும் வந்து தொலைத்தது.

காகிதக் கூழ் முகம் குங்குமத்தைக் குடித்துவிட்டது. துடைக்கத் துடைக்கப் பரவியது. புது முகம் செய்து முதலிலிருந்து எடுக்க நாளில்லை. பூஜையன்று கருவியைத் தொடக் கூடாது என்று அப்பா தடுத்துவிட்டதால், சுண்டலைத் தின்றுகொண்டே யோசித்தேன். மறுநாள் கதையையே மாற்றினேன். வேலைக்காரப் பெண்ணின் விரல் பேயின் நெற்றியை மறைத்து விலகுகிறது, அங்கே பொட்டு! அழகு பார்க்கப் பேய் கண்ணாடி முன் நின்றுவிட, அவள் கோப்பைகளைத் திறக்கிறாள்.

படம் தேர்வானது. நானும் போனேன். காலைக் காட்சி. அவர்கள் ஊர்ப் பேய்க்கு இப்படிச் செய்துவிட்டோமே என்று கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். பேய் கண்ணாடியில் முகத்தை அப்படியும் இப்படியும் திருப்பியதும் அரங்கமே சிரித்தது. கடைசிக் கோப்பை திறந்தபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். பரிசு அறிவிக்குமுன்பே ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக அப்பாவைப் போனில் கூப்பிட்டேன்.

“கேக்குதாப்பா? நம்ம படத்துக்குத்தான் தட்டுறாங்க!”

“இரும்மா, வச்சிடாத!”

போனோடு தெருவுக்கு ஓடிவிட்டார். தறிச் சத்தத்தையும் மீறி அவர் குரல் கேட்டது.

“எல்லாம் வெளிய வாங்கப்பா! என் பொண்ணு தொழில்ல ஜெயிச்சிட்டா!”