மெல்பர்ன் போக முடியாத ஜனவரியில் ஈப்போ டென்னிஸ் அரங்கம்

இந்த ஜனவரியில் நானும் அண்ணனும் டென்னிஸ் பார்க்க மெல்பர்னில் இருந்திருக்க வேண்டும். விமான டிக்கெட், பெரிய அரங்கத்தின் மேல்மாடியில் இரண்டு இருக்கை, எல்லாம் எடுத்தாகிவிட்டது. டிசம்பரில் அண்ணனுக்கு வலது கண்ணின் விழித்திரை கழன்றது. பல வருடச் சர்க்கரை நோய். ஈப்போவில் அறுவை செய்து, திரை ஒட்டிக்கொள்வதற்காகக் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை வைத்தார்கள். குமிழி கரையும்வரை விமானம் ஏறக்கூடாது, உயரத்தில் அது விரிந்து இருக்கிற பார்வையும் போய்விடும் என்றார் டாக்டர். கேமரன் மலைக்குக்கூட வேண்டாமாம். அடுத்த பரிசோதனைக்குப் போகவேண்டிய நாளையொட்டி ஈப்போவில் ஒரு ஓபன் டென்னிஸ் போட்டி நடப்பது தெரிந்தது. ஒரு நாள் போட்டி, மறுநாள் ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொண்டோம். வருடாவருடம் அந்த அரங்கத்தைப் பற்றி யாராவது கேட்கிறீர்கள் என்பதால் எழுதுகிறேன். மகிழ்ச்சியான பயணம் இல்லை.

அண்ணன் பெயர் குணா. தெலுக் இந்தானில் மின்சாதனக் கடையில் வேலை. ஆனால் இருபது வருடமாக வார இறுதிகளில் அவர் லைன் அம்பயர். பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று கத்திச் சொல்கிறவர். கோலாலம்பூரில் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வந்த போட்டிகளிலும் உட்கார்ந்திருக்கிறார். மெல்பர்னில் இப்போது கோட்டுக்கு ஆளே கிடையாது, எல்லாம் கேமரா. "பரவால்லமா, நாற்காலி இருந்த எடத்தையாவது பாத்துட்டு வரலாம்" என்றுதான் கிளம்பத் தயாரானார்.

தெலுக் இந்தானிலிருந்து லங்காப், கம்பார் வழியாக ஈப்போ ஏறக்குறைய எண்பத்தைந்து கிலோமீட்டர். டோல் இல்லாத பழைய ரோடு, ஒன்றரை மணி நேரம். லங்காப் தாண்டியதும் நாங்கள் பிறந்த தோட்டம் வரும். அப்போது ரப்பர், இப்போது எண்ணெய்க்கான செம்பனை. துரை பங்களாவுக்குப் பக்கத்தில் ஒரு டென்னிஸ் கோர்ட் இருந்தது. அண்ணன் முதன்முதலில் பந்து பார்த்தது அங்கேதான். காரை ஓரம்கட்டச் சொன்னார். கண்ணாடியை இறக்கிவிட்டு, "கோர்ட் இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. டிராக்டர் நிறுத்தி வச்சிருக்காங்க."

"வேலி?"

"வேலியும் இல்ல."

"சரி, போலாம்" என்றார்.

அரங்கத்துக்கு நுழைவு இலவசம். கார் நிறுத்த இடம் குறைவு, பத்து மணிக்கு முன் போய்விடுங்கள். கூரையுள்ள படிக்கட்டு இருக்கைகள் மேற்குப் பக்கம் மட்டும்தான். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் மதியத்துக்குள் கருகிவிடுவீர்கள். மூன்று மணிக்கு மேல் மழை ஏறக்குறைய நிச்சயம். கழிப்பறை சுத்தம், சாப்பாடு எதுவும் கிடையாது.

நாங்கள் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் தேவன் வந்தார். போட்டியின் தலைமை நடுவர், அண்ணனோடு பல வருடம் வேலை செய்தவர். கண் ஆபரேஷன் நடந்தது அவருக்குத் தெரியாது.

"அண்ணே, நல்ல நேரத்துல வந்தீங்க லா. அரையிறுதிக்கு பேஸ்லைன்ல ஒரு ஆள் குறையுது. உக்காருறீங்களா?"

நான் அண்ணன் கையைப் பிடித்தேன். "வேணாம்ணே. தேவன் அண்ணே, அவருக்குக் கண்ணு..."

"ஒரு செட்டுதானே" என்று அண்ணன் எழுந்துவிட்டார். படியில் இறங்கும்போது கைப்பிடியை விடவில்லை. அதைத் தேவன் கவனிக்கவில்லை.

அவர் கண்ணுக்குள் என்ன தெரிகிறது என்பதை முன்பே எனக்குச் சொல்லியிருந்தார். குமிழி பாதி கரைந்திருந்ததால் மேலே ஓரளவு தெளிவு, கீழே தண்ணீர் ஆடுகிற மாதிரி. இடது கண் ஏற்கனவே மங்கல். அவர் பார்க்க வேண்டிய பின்கோடு தரையில்தானே இருக்கிறது.

முதல் மூன்று கேம் பந்து அவர் பக்கம் ஆழமாக வரவில்லை. நாற்காலியில் முன்னால் சாய்ந்து, முழங்காலில் கைவைத்து, பழையபடியே இருந்தார். என் பெருமை கொஞ்சம் எட்டிப்பார்த்தது, பக்கத்தில் இருந்தவரிடம் "எங்க அண்ணன்" என்றேன். நான்காவது கேமில் ஒரு பந்து கோட்டுக்கு நன்றாக உள்ளே விழுந்தது. "அவுட்" என்று கைநீட்டினார் அண்ணன். உயர நாற்காலியில் நடுவராக இருந்த மலாய்ப் பெண் அதைத் திருத்தினாள். அடுத்தது வெளியே விழுந்தது, அண்ணன் அசையவில்லை. மறுபடி திருத்தினாள். பந்தடித்த பையன் ராக்கெட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணனையே பார்த்தான்.

மூன்றாவது பந்துக்கு அண்ணன் இரண்டு உள்ளங்கையாலும் கண்ணை மூடிக்காட்டினார். லைன் அம்பயர்களுக்குள் அது ஒரு சைகை: ஆட்டக்காரர் மறைத்ததால் பந்து எனக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். அவரை யாரும் மறைத்திருக்கவில்லை. கையை இறக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எழுந்து, தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, சுவரைத் தடவியபடி வெளியே நடந்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். பின்னாலேயே தேவனும் வந்தார்.

"அண்ணே, எனக்குத் தெரியாதுண்ணே."

"அந்தப் பையன்கிட்ட மன்னிப்பு கேட்டேன்னு சொல்லு" என்றார் அண்ணன்.

ஈப்போ லிட்டில் இந்தியாவில், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் ஒரு மாமாக் கடையில், பாலும் சீனியும் போடாத தே ஓ கோசோங் வாங்கிக் கொடுத்தேன். ஆறிப்போகும்வரை தொடவில்லை. அறை ஒரு இரவுக்கு நூற்றுப் பத்து ரிங்கிட். ஜன்னல் இல்லாத அறையையே கொடுக்கச் சொன்னார்.

மறுநாள் டாக்டர் வெகுநேரம் பார்த்தார். திரை மறுபடி தூக்கிக்கொண்டு நிற்கிறது, இன்னொரு அறுவை செய்து பார்க்கலாம், ஆனால் படிக்கிற பார்வை திரும்பாது என்றார். இடது கண்ணையும் காப்பாற்ற வேண்டுமாம். "சரி டாக்டர்" என்றார் அண்ணன், கடையில் வாடிக்கையாளரிடம் சொல்கிற அதே குரலில்.

போகிறவர்களுக்கு: ஈப்போ அரங்கத்தைத் தாராளமாகப் பார்க்கலாம், ஒரு நாள் போதும், குடை அவசியம். கண் அறுவை செய்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் விமான டிக்கெட் எடுக்காதீர்கள். சர்க்கரை இருந்தால் வருடம் ஒருமுறை கண்ணைக் காட்டுங்கள். அண்ணன் ஒன்பது வருடம் காட்டவில்லை. பார்வை நன்றாகத்தான் இருக்கிறது, கோடு தெரிகிறதே என்பார்.

மெல்பர்ன் இறுதி ஆட்டத்தை வீட்டில் டிவியில் போட்டேன். அண்ணன் சத்தத்தைக் கூட்டச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். பந்து எங்கே விழுந்தது என்று ஒவ்வொரு முறையும் நான் சொல்ல வேண்டும். வேகத்தில் எனக்குப் பாதி பந்து தெரியவே இல்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். தப்பென்று அவருக்குச் சத்தத்திலேயே தெரிந்திருக்கும். ஒரு தடவைகூட அவர் என்னைத் திருத்தவில்லை.