குரோட்டன்ஸ் சாமி

யுத்த காலத்தில், பாப்பாரப்பட்டியில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு போஸ்ட்மாஸ்டர் குடியிருந்தார். பெரிய மீசை, எப்போதும் மண் ஒட்டிய சுண்டுவிரல். வாசலில் மண்ணெண்ணெய் டின்னில் வளர்த்த குரோட்டன்ஸ் செடிக்கு ஈரம் இருக்கிறதா என்று அந்த விரலை விட்டுத்தான் பார்ப்பார்.

ஒரு கோடையில் அவர் தம் மாமனாரின் ஊருக்குப் புறப்பட்டார். தண்ணீர் ஊற்ற யாரையும் நம்பவில்லை. கோயிலில் லிங்கத்துக்கு மேலே கட்டுவதுபோல, அடியில் துளையிட்ட கலயத்தைச் செடிக்கு மேலே தொங்கவிட்டு, சொட்டுச் சொட்டாக நீர் விழ வைத்துவிட்டுப் போனார்.

திரும்பி வந்தபோது டின்னுக்கு மஞ்சள், குங்குமம், அரளி மாலை. கீரை விற்கும் அம்மாள் கலயத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ஆத்தா, இது வெறும் செடிங்க!" என்று பதறினார் இவர்.

"மெதுவாப் பேசுங்க, சாமி காதுல வுழுந்துரப் போவுது. நீங்க பாட்டுக்கு வுட்டுட்டுப் போயிட்டீங்க, ஊரே வந்து தண்ணி ஊத்துது!"

போஸ்ட்மாஸ்டர் சட்டென்று செருப்பைக் கழற்றினார். பிறகு, சாமிக்கு வெயில் ஆகாது என்று சொல்லி டின்னைக் கொல்லைப்பக்கம் தூக்கிப் போய்விட்டார்.

அடுத்த கோடையில் ஊருக்குக் கிளம்பும் காலையில் டின் மறுபடி வாசலுக்கு வந்தது. கலயம் கட்டவில்லை. குங்குமப் பொட்டு மட்டும் வைத்தார். வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தெருவில் அப்போது யாருமே இல்லை. நான் ஜன்னலில் நின்றது அவருக்குத் தெரியாது. பின்னே, யாருக்காகப் போட்டுக்கொண்டார்?