கோவென்ட்ரி வீட்டுக்கு நான் போட்ட கையெழுத்து

வேண்டுமென்றேதான் தப்பாகப் போட்டேன். கை நடுங்கியது என்று சொன்னதெல்லாம் பொய். என் கைக்கு ஒரு குறையும் இல்லை!

இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்... எனக்கே பலமுறை வந்திருக்கிறது.

இங்கிலாந்தில், கோவென்ட்ரி நகரத்தில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. என் கணவர் தேவராஜ் அங்கே கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது இருவர் பெயரிலும் வாங்கியது. மாமனார் படுத்த படுக்கையானார் என்று சேதி வந்ததும் கும்மிடிப்பூண்டிக்கே திரும்பிவிட்டோம். சிப்காட் தொழிற்பேட்டையில் அவருக்கு வேலை கிடைத்தது. மாமனாரும் தேறி, இப்போது காலையில் நடைப்பயிற்சி வேறு போகிறார்!

ஒருநாள் என் கணவர் சொன்னார். "அந்த ஊட்ட வித்துட்டு இங்க மாடி எடுத்துடலாம் வசந்தா. இன்னா சொல்ற?"

முகமெல்லாம் மலர்ச்சி. அந்த முகத்தைப் பார்த்து எப்படி மறுப்பது?

வாயால் சரி என்றேன். கையால் வேண்டாம் என்றேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? அந்த ஊரில் நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தேன். மழையில் நனைந்தபடி தனியாகப் பேருந்து ஏறுவேன். எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. இங்கே பஜார் வரை போனாலும் நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த வீடு இருக்கும்வரை திரும்பிப் போக எனக்கு ஒரு வழி இருக்கிறது என்று நினைத்தேன். பேதைமை!

திருவள்ளூரில் ஒரு ஆடிட்டரைப் பார்த்தோம்.

"திரும்பி வந்தவங்களுக்கு கொஞ்ச வருசம் சலுகை உண்டு சார்," என்றார் அவர். "அங்க இருக்கிற சொத்த வித்தா இங்க வரி கிடையாது. உங்களுக்கு வர்ற மார்ச்சோட அது முடியுது. தாண்டிச்சின்னா இங்கயும் கட்டணும்."

அதை என் கணவரைவிட நான்தான் கவனமாகக் கேட்டேன். மார்ச் தாண்டட்டும், இவர் விற்கும் ஆசையையே விட்டுவிடுவார்... இதுதான் என் திட்டம்.

கோவென்ட்ரி வக்கீல் விற்பனைப் பத்திரத்தை அனுப்பினார். சாட்சியின் முன்னால் இருவரும் கையெழுத்திட்டு, அந்தத் தாளையே கூரியரில் திருப்பி அனுப்ப வேண்டும். கையெழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் நான் தமிழில் போட்டிருக்கிறேன், கடைசித் துணைக்காலை நீட்டி வளைத்து. பத்திரத்தில் வளைக்காமல் விட்டேன். எழுத்துகளையும் கொஞ்சம் சரித்தேன். பத்திரம் திரும்பி வந்தது. இரண்டாம் முறை இன்னும் மோசமாகப் போட்டேன். அதுவும் வந்தது!

"இன்னாம்மா ஆச்சி?" என்றார், துளிக் கோபம் இல்லாமல்.

"கை நடுங்குதுங்க."

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து தேங்காய் துருவுவது அவர். பாத்திரம் தேய்ப்பது அவர். ஷிப்டு முடிந்து வந்து என் புடவையைப் பிழிந்து உலர்த்துவதும் அவர்!

"இன்னாடா, பொம்பள வேலையெல்லாம் செஞ்சிக்கினு கீற?" என்றார் மாமனார்.

"அவளுக்குக் கை முடியல நைனா. கம்முனு இரு."

நான் உட்கார்ந்த இடத்தில் காபி குடித்தேன். அதை ரசித்தேன்... ஆம், ரசித்தேன்! அதையும் சேர்த்தே ஒப்புக்கொள்கிறேன்.

டாக்டரிடம் அழைத்துப் போனார். நரம்பில் ஒரு கோளாறும் இல்லை என்றார் டாக்டர். அது இவரை இன்னும் கலவரப்படுத்திவிட்டது. மார்ச் கடந்து போனது. வீட்டைப் பற்றி அவர் பேசவே இல்லை. என் கையைப் பற்றி மட்டுமே பேசினார்.

ஆடி மாதம் பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்குப் போனோம். அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர் வேண்டிக்கொண்டதே எனக்குத் தெரியும். சட்டையைக் கழற்றிக் குளித்து, இடுப்பிலும் மார்பிலும் வேப்பிலையைச் சுற்றிக்கொண்டு, தொப்பை குலுங்க அம்மனை வலம் வந்தார். ஈரம் சொட்ட என்னிடம் வந்து சிரித்தார்.

"செம அரிப்பு வசந்தா! போவட்டும். உன் கை சரியாவணும், அது போதும். ஊடு விக்காட்டியும் பரவால்ல."

அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அவருடைய வேண்டுதல் வீணாகிவிடும் என்றா? இல்லை, இல்லை... அத்தனை கூட்டத்தில், வேப்பிலை உடுத்தி நிற்கும் மனிதரின் முன்னால் பொய்க்காரியாக நிற்க எனக்குத் துணிவில்லை. அவ்வளவுதான் உண்மை.

மூன்றாம் முறை பத்திரம் வந்தது. சரியாகப் போட்டேன், துணைக்காலின் வளைவு உட்பட. "பாத்தீங்களா சார்!" என்று சாட்சிக்கு வந்த உள்ளூர் வக்கீலைக் கட்டிக்கொண்டார் அவர். தெருவெல்லாம் லட்டு. அம்மனின் மகிமையை ஊரே பேசியது. நானும் இரண்டு லட்டு தின்றேன்!

வீடு விற்றது. ஆடிட்டர் இந்தப் பக்கத்து வரியையும் போட்டுக் காட்டி, "மார்ச்சிலேயே முடிச்சிருந்தா இது மிச்சம் சார்," என்று வருத்தப்பட்டார்.

"போவுது சார், அவ கை வந்துடுச்சே!" என்றார் என் கணவர்.

அந்த வீட்டுக் கடனும் இந்த வரியும் போக, மாடி ஒரே அறையாகச் சுருங்கியது. அந்த ஓர் அறையின் ஜன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்று என்னிடம் கேட்டுத்தான் வைத்தார்.

போன வாரம், மீதியிருந்த கொஞ்சப் பணத்தைப் போட வங்கிக்கு அழைத்துப் போனார். கணக்கில் என் பெயரைத்தான் முதலில் எழுதச் சொன்னார்.

"நீயே எடு, நீயே போடு. என்னைக் கேக்காத," என்று பேனாவை நீட்டினார்.

வாங்கினேன். அப்போது, நம்புவீர்களா, என் கை உண்மையாகவே நடுங்கியது. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை.

அவர் தன் உள்ளங்கையை என் மணிக்கட்டுக்கு அடியில் முட்டுக்கொடுத்தார்.

"பயப்படாத... மெதுவா போடு," என்றார்.